வெளியே விளையாடினால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 10 வயது. போன வருடம் கண்ணாடி போட்டோம். இப்போது பவர் மைனஸ் 2 ஆகிவிட்டது. தினமும் வெளியே விளையாட விடச் சொல்கிறார் டாக்டர். நாங்கள் இருப்பது அபார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. பிள்ளைகள் ஸ்கூல், டியூஷன் முடிந்து வருவதற்குள் இருட்டிவிடுகிறது. பால்கனியில் செடி வளர்க்கிறேன். ஞாயிறு பீச்சுக்குப் போகிறோம். இது போதாதா? வெளியே விளையாடினால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா? ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகனும் இருக்கிறான். அவனுக்கு இதுவரை கண்ணாடி இல்லை.
- ஒரு வாசகி, சென்னை

பதில்: அன்புச் சகோதரி, மகளின் கண்ணாடியைக் கழற்ற முடியாது. மைனஸ் பவர் என்றால் கிட்டப்பார்வை, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும். இதில் கண் முன்னும் பின்னுமாக இயல்பைவிட நீண்டுவிடுகிறது. வெளியே விளையாடினாலும் சரி, கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் தினம் சமைத்துப் போட்டாலும் சரி, நீண்ட கண் பழையபடி ஆகாது. ஆனால் பவர் ஏறும் வேகத்தைக் குறைக்கக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்து, இதற்கென்றே உள்ள லென்ஸ்கள் என வழிகள் உண்டு. அவளுக்கு எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசியில் போகிறபோக்கில் மகனைச் சொல்லியிருக்கிறீர்களே, எனக்கு அவன் நினைவாகவே இருக்கிறது. ஏனென்றால் வெளியே விளையாடுவதன் பெரிய பலன் கண்ணாடி வராத பிள்ளைக்குத்தான். சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருடம் கழித்து, வழக்கம்போல் இருந்த பிள்ளைகளில் 100க்குச் சுமார் 40 பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது. கூடுதலாக வெளியே போனவர்களில் சுமார் 30 பேருக்குத்தான். 2015இல் இது வெளியானது. தைவானில் 2010 முதலே, தினமும் இரண்டு மணி நேரம் பிள்ளைகள் வெளியில் இருக்கப் பள்ளிகள் ஏற்பாடு செய்கின்றன.

காரணம், வெளிச்சம். நல்ல வெளிச்சத்தில் கண்ணின் உட்பக்கத் திரையான விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது கண் நீள்வதைத் தடுக்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம். போனில் வெளிச்சம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, மகள் வீட்டுப்பாடம் எழுதும் மேஜைமேல் வையுங்கள். டியூப்லைட்டில் 200, 300 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) காட்டினால் அதிகம். அதே போனைக் காலை 9 மணிக்கு வேப்பமர நிழலில் வைத்தால் ஆயிரக்கணக்கில் ஏறும். உச்சி வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். நம் கண் சட்டென்று பழகிக்கொள்வதால் இவ்வளவு வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. நிழலிலேயே இவ்வளவு வெளிச்சம் இருப்பதால் நிழலே போதும், தொப்பியும் போடலாம். மே மாத மதிய வெயிலில் பிள்ளையை வாட்ட வேண்டாம். சூரியனை நேராகப் பார்க்கவும் விடாதீர்கள்.

பால்கனி அறையைவிட மேல். ஆனால் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் ஐந்து நிமிடத்துக்கு மேல் பிள்ளை அங்கே நிற்குமா? ஞாயிறு பீச் நல்ல வழக்கம், விடாதீர்கள். ஆனால் கண்ணுக்கு வெளிச்சம் தினமும் வேண்டும். டியூஷனை 6 மணிக்கு மேல் தள்ளிவிட்டு, ஸ்கூல் விட்டதும் இருவரையும் கீழே அனுப்புங்கள். தள்ள முடியாது என்றால் மகனின் டியூஷனை நிறுத்திவிடலாம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டியூஷன் எதற்கு?

வெளிச்சத்துக்கு மட்டும் என்றால் மொட்டை மாடியே போதும், பெரியவர் ஒருவர் கூட இருந்தால் சரி. ஆனால் வெறும் சிமென்ட் தரையில் பத்து நிமிடத்தில் 'போர் அடிக்குது' என்று இறங்கி வந்துவிடுவார்கள். மண்ணும் மரமும் உள்ள பார்க்கில் அப்படி இல்லை. எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பார்க்கவும், அணில் கடித்துப்போட்ட பாதாம் காயைக் கல்லால் உடைக்கவுமே ஒரு மணி நேரம் ஓடிவிடும்.

நீங்களும் கூடப் போங்கள். இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்துக்கு 2 மணி நேரமாவது மரம், புல்வெளி, கடற்கரைப் பக்கம் இருந்தவர்கள் உடலும் மனமும் நன்றாக இருப்பதாக அதிகம் சொன்னார்கள். மொத்தமாகப் போனாலும் பிரித்துப் போனாலும் பலன் ஒன்றுதான். நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற கேள்வி அதில் உண்டு. இருந்தாலும் போய்ப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

அப்புறம், மகளை அடுத்த முறை டாக்டரிடம் கூட்டிப் போகும்போது மகனின் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். போர்டு சரியாகத் தெரியவில்லை என்று அந்த வயதுப் பிள்ளைகள் தாங்களாகச் சொல்வதில்லை.