அப்பத்தா சாவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

கேள்வி: என் மாமியாருக்கு 82 வயது. சிவகங்கை பக்கம் கிராமத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். மூக்கில் டியூப் வைத்துத்தான் கஞ்சி. இனி எத்தனை நாள் என்று சொல்ல முடியாது என்று டாக்டர்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாங்கள் சென்னையில் இருக்கிறோம். மகனுக்கு 7 வயது, மகளுக்கு 4 வயது. மகன் மூன்று வயது வரை அப்பத்தாவிடம்தான் வளர்ந்தான். துக்கத்துக்குப் போகும்போது பிள்ளைகளைத் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார் என் அம்மா. பார்த்தால் பயந்துவிடுவார்களாம். பேரன் நெய்ப்பந்தம் பிடித்தே ஆக வேண்டும் என்கிறார் கணவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் அம்மா அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் குழந்தைகள் மனநல மருத்துவராக நான் பார்த்தவரை, சாவு வீட்டைப் பார்த்துப் பயந்து வந்த பிள்ளைகளைவிட, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டுப் போனதால் பயந்து வந்த பிள்ளைகள்தான் அதிகம். அம்மாவும் அப்பாவும் நடுராத்திரியில் அழுதுகொண்டே பை அடுக்கிக் கிளம்புகிறார்கள். என்ன ஏது என்று யாரும் சொல்வதில்லை. நான்கு நாள் கழித்து அப்பா மொட்டைத் தலையோடு வந்து நிற்கிறார். ஏழு வயதுப் பிள்ளை இதற்கெல்லாம் தானாக ஒரு கதை கட்டிக்கொள்ளும். அது நடந்ததைவிட மோசமான கதையாகத்தான் இருக்கும்.

எப்படிச் சொல்வது என்பதுதான் முதல் வேலை. 'அப்பத்தா செத்துப்போயிட்டாங்க' என்றே சொல்லுங்கள். 'இறந்துட்டாங்க' என்றாலும் சரி. 'தூங்குறாங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒருத்தியை என்னிடம் அழைத்து வந்தார்கள். அம்மா கண்ணயர்ந்ததும் விரலால் அம்மாவின் இமையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பாளாம். ஒரு ராத்திரியில் நாலைந்து தடவை. மூன்று வாரமாக அந்த வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. விசாரித்தால், ஆச்சி தூங்குறாங்க என்று சொல்லியிருக்கிறார்கள். தூங்கிய ஆச்சியைத்தான் எல்லாரும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே, அம்மாவும் தூங்கினால் என்ன ஆகும் என்பது அவள் பயம். அவள் யோசித்ததில் தப்பே இல்லை. 'சாமிகிட்ட போயிட்டாங்க' என்றால் சாமி மேல் கோபம் வரும், அடுத்து யாரைக் கூப்பிடும் என்ற பயமும் வரும். 'ஊருக்குப் போயிருக்காங்க' என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இப்படிச் சொல்லலாம்: "அப்பத்தாவுக்கு ரொம்ப வயசாயிடுச்சு. உடம்பு ரொம்ப ரொம்ப ரொம்ப முடியாமப் போச்சு. மருந்து கொடுத்தும் சரியாகல. இப்ப மூச்சு நின்னுடுச்சு. இனிமே சாப்பிட மாட்டாங்க, பேச மாட்டாங்க, அவங்களுக்கு வலிக்காது, குளிராது. திரும்பி வர மாட்டாங்க." மூன்று 'ரொம்ப'வையும் விட்டுவிடாதீர்கள். வெறுமனே 'உடம்பு சரியில்லாம செத்துட்டாங்க' என்றால், அடுத்த மாதம் உங்களுக்குச் சளிக்காய்ச்சல் வரும்போது பிள்ளை நடுங்கும்.

சின்னவள் இதைக் கேட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் "அப்பத்தா எப்ப எந்திரிப்பாங்க?" என்பாள். கோபப்படாதீர்கள், அழுதுவிடாதீர்கள். மரியா நாகி என்ற ஹங்கேரி உளவியலாளர் 1948-இல் வெளியிட்ட ஆய்வில், புடாபெஸ்ட் வட்டாரத்தில் 378 குழந்தைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டிருந்தார். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதைத் தூக்கம் போலவோ வெளியூர்ப் பயணம் போலவோதான் நினைத்தார்கள். ஹங்கேரிப் பிள்ளையானாலும் சிவகங்கைப் பிள்ளையானாலும் அந்த வயதில் மனசு அப்படித்தான். இருபது தடவை கேட்டால் இருபது தடவையும் அதே பதிலை அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

இனி உங்கள் மகன். 'மூன்று வயது வரை அப்பத்தாவிடம்தான் வளர்ந்தான்' என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பொங்கலுக்கும் கோடை லீவுக்கும் போய்ப் பார்த்து வரும் அப்பத்தா வேறு. குளிப்பாட்டி, சோறூட்டி, தன் சேலைக்குள் போட்டுத் தூங்கவைத்த அப்பத்தா வேறு. உங்கள் மகளுக்குப் போவது பாட்டி. மகனுக்குப் போவது ஏறக்குறைய ஒரு தாய். நான்கு வருடமாகச் சென்னையில்தானே இருக்கிறான், மறந்திருப்பான் என்று நினைக்காதீர்கள். தலையில் நினைவில்லாவிட்டாலும் அந்த வீட்டு வாசனை, அவர் கூப்பிடும் குரல் எல்லாம் உடம்பில் இருக்கும். ஆகவே மற்ற பேரப்பிள்ளைகளோடு சேர்த்து இவனை எடை போடாதீர்கள். மற்றவர்கள் விளையாடும்போது இவன் பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். உட்காரட்டும். அல்லது கிட்டவே வராமல் கொல்லைப்புறத்தில் போய் நிற்கலாம். நிற்கட்டும். சென்னைக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து, காரணமே இல்லாமல் தட்டைத் தள்ளிவிட்டு அழலாம். அதுவும் இந்தத் துக்கம்தான். மறுபடி பாயில் மூத்திரம் போகலாம், சின்னப் பிள்ளை மாதிரி மழலை பேசலாம். அடிக்காதீர்கள், தங்கச்சி முன்னால் சொல்லிக் காட்டாதீர்கள். அவனிடம் இன்னொன்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: "நீ சென்னைக்கு வந்ததால அப்பத்தாவுக்கு உடம்பு கெட்டுப்போகல." அவன் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். துக்க வீட்டில் யாராவது ஒரு பெரியம்மா, "பேரன் பிரிஞ்ச ஏக்கத்துலயே படுத்துட்டா மகராசி" என்று ஒப்பாரி வைப்பார். பெரியவர்களுக்கு அது வழக்கமான வார்த்தை. ஏழு வயதுப் பையனுக்கு அது தீர்ப்பு.

நெய்ப்பந்தத்துக்கு வருகிறேன். உங்கள் கணவர் கேட்பதில் தப்பில்லை. பேரப்பிள்ளைகள் செய்வதற்கென்று ஒரு வேலையை நம் ஆட்கள் வைத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் கூட்டத்தில் திடீரென்று தூக்கிக்கொண்டு போய்க் கையில் நெருப்பைக் கொடுக்கக் கூடாது. முந்தின நாளே சொல்லுங்கள்: குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்தியிருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டு அப்பத்தாவைச் சுற்றி வர வேண்டும், சித்தப்பா உன் கையைப் பிடித்திருப்பார். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வற்புறுத்தல் கிடையாது. பந்தத்தை நிமிர்த்திப் பிடித்தால் சூடான நெய் குச்சி வழியே மணிக்கட்டுக்கு இறங்கும். வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பருத்திச் சட்டை போடுங்கள், பாலியெஸ்டர் ஆகாது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். நான்கு வயதுக்காரி கையில் பந்தம் வேண்டவே வேண்டாம்.

ஐஸ் பெட்டி இருக்கும். அதைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு துக்க வீட்டில் ஆறு வயதுப் பையன் கண்ணாடியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆச்சிக்குக் குளிராதா?" என்று கேட்டான். பக்கத்திலிருந்த மாமா "சும்மா இருடா" என்று தலையில் ஒரு தட்டுத் தட்டினார். நல்ல கேள்வி அது. "குளிராதுப்பா, உடம்புக்கு இனிமே எதுவும் தெரியாது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அதே பதில்தான் 'எரிச்சா வலிக்காதா' என்ற கேள்விக்கும். சுடுகாட்டுக்கு இந்த வயதில் வேண்டாம். தெருமுனை வரை வந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பட்டும். வேட்டுப் போடுவார்கள், பறை முழங்கும், நீங்கள் வாய்விட்டு அழுவீர்கள். இதெல்லாம் நடக்கும் என்று முதலிலேயே தெரிந்த பிள்ளை அவ்வளவாக மிரளாது.

இதையெல்லாம் நீங்களே கவனிக்க முடியாது. நீங்கள் மருமகள், அன்றைக்கு நூறு பேர் உங்களைக் கூப்பிடுவார்கள். ஆகவே பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு ஆளை ஏற்பாடு செய்யுங்கள். உங்கள் தங்கையோ தோழியோ, அந்த வீட்டுத் துக்கத்தில் நேரடியாகப் பங்கில்லாத ஒருவர். உங்கள் அம்மாவையே இதற்கு அழைத்துப் போகலாம். அவர் கவலைக்கும் அதுவே மருந்து. பிள்ளைகளுக்குப் போதும் என்று தோன்றினால் அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போய்விட வேண்டும். எடுக்கிறவரை வீட்டில் அடுப்பெரியாது என்பதை மறந்துவிடாதீர்கள். பன், வாழைப்பழம், தண்ணீர் பாட்டில் பையில் இருக்கட்டும். பாதிப் பிள்ளைகள் சாவு வீட்டில் அழுவது பசியால்.

பயணத்தில் தூங்கட்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டுச் சளி சிரப் வாங்கிக் கொடுக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. செய்யாதீர்கள். தூக்கம் வரவைக்கும் அந்த மருந்துகள் சில குழந்தைகளுக்கு மூச்சையே மந்தமாக்கும்.

அப்புறம் பள்ளிக்கூடம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. மாதத்துக்கு இரண்டு மூன்று பெற்றோர் என்னிடம் 'காய்ச்சல் என்று ஒரு சர்டிபிகேட்' கேட்டு வருகிறார்கள். பாட்டி இறந்துவிட்டார் என்று லீவு லெட்டர் கொடுத்தால், மெடிக்கல் சர்டிபிகேட் எங்கே என்று பள்ளியில் கேட்கிறார்களாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் யூனிட் டெஸ்ட்டில் என்ன முழுகிவிடும்? சி.பி.எஸ்.இ. 75 சதவீத வருகை கேட்பது பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளிடம். அந்தப் பயத்தை எல்.கே.ஜி. வரை இறக்கி வைத்திருக்கிறார்கள். வேலை பார்க்கிறவர்கள் கதையும் இதுதான். துக்க விடுப்பு என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் நம் நாட்டில் இல்லை, ஒவ்வொரு கம்பெனியும் வைத்ததுதான் கணக்கு. சரி, கேட்டால் கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது என்று பொய் சர்டிபிகேட் எழுதித் தருகிற டாக்டர்களும் இருக்கிறார்கள். நான் தருவதில்லை. காரணம் சட்டம் மட்டும் இல்லை. அப்பத்தாவைப் பறிகொடுத்துவிட்டு வந்த பையன், வகுப்பில் 'எனக்குக் காய்ச்சல் மிஸ்' என்று சொல்ல வேண்டிவருகிறது. அழ வேண்டிய விஷயத்தை ஒளிக்க வேண்டும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். லெட்டரில் உண்மையை எழுதுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவரிடம்தான் பகல் முழுக்க இருக்கப் போகிறான்.

துக்கம் முடிந்ததும் இன்னொரு கூட்டம் வரும். 'பிள்ளை பயந்திருக்கு' என்று மந்திரித்துக் கயிறு கட்டுவதில் எனக்குச் சண்டை இல்லை. உங்கள் மாமியார் ஊரில் ஒரு கிழவி திருநீறு போட்டுவிட்டால் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் 'அப்பத்தா ஆவி பேரனைச் சுத்துது, பரிகாரம் பண்ணணும்' என்று பிள்ளை முன்னாலேயே பணம் பேசுகிற ஆளைப் படியேற விடாதீர்கள். தன்னைத் தூக்கி வளர்த்தவளே தன்னைப் பிடிக்க வருகிறாள் என்று ஒரு பிள்ளையை நம்பவைப்பதைவிடக் கொடுமை வேறில்லை. நகரத்தில் இதே ஆள் ஏ.சி. ரூமில் உட்கார்ந்து, 'டிராமா' என்று பெயர் வைத்து, பன்னிரண்டு சிட்டிங் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்பார். வார இறுதியில் ஒரு ஆன்லைன் கோர்ஸ் முடித்தவர்களெல்லாம் கவுன்சிலர் என்று போர்டு வைக்கிறார்கள், கேட்பாரில்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று சொன்னால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள், அந்தக் கழகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்தால் அதற்கான 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு சிட்டிங்கிலேயே அந்த ஆயிரத்தை எடுத்துவிடுகிறவருக்கு இது தண்டனையா?

பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. பள்ளிக்குப் போகிறான், சாப்பிடுகிறான், விளையாடுகிறான், நடுநடுவே அழுகிறான் என்றால் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு மாதத்துக்கு மேலும் சாப்பாடும் தூக்கமும் சரியாகாமல், பள்ளிக்குப் போக மறுத்தால் காட்டுங்கள். 'நானும் அப்பத்தாகிட்ட போறேன்' என்று திரும்பத் திரும்பச் சொன்னால் மாதம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவில்லை. கூட்டம் இருக்கும், அரை நாள் போகும், அது எனக்கும் வருத்தம்தான். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், ராத்திரியிலும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

அப்பத்தா இன்னும் இருக்கிறாரே. துக்கத்துக்கு எப்படி அழைத்துப் போவது என்று கேட்கிறீர்கள், இப்போதே அழைத்துப் போக முடியுமா என்று பாருங்கள். இந்தச் சனிக்கிழமை பஸ்ஸோ ரயிலோ, எது கிடைக்கிறதோ அதில். ஏறும்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள்: அப்பத்தா மெலிஞ்சுபோயிருப்பாங்க, மூக்குல டியூப் இருக்கும், அது வழியாத்தான் கஞ்சி போகும், அது வலிக்காது, உன்னைப் பார்த்தும் பேசாம இருக்கலாம், ஆனா நீ பேசினா காதுல விழலாம். டியூப்பைத் தொடாமல் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்ன பேச வேண்டும் என்று நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டாம். அப்பத்தாவிடம் எப்படிப் பேசுவது என்று அவனுக்குத் தெரியும்.