இரட்டை கோர் சிப்பின் வேகத்தைக் கூட்டலாமா?

கேள்வி: ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய பென்டியம் ஜி3258 வாங்கியிருக்கிறேன், போர்டு இசட்97. ஓவர்கிளாக் செய்வது (குறித்த வேகத்துக்கு மேல் ஓட வைப்பது) எப்படி?
– வாசகர், குரோம்பேட்டை

பதில்: 2014-ல் வந்த இந்தச் சிப்பில் மல்டிபிளையர் (அடிப்படைக் கிளாக்கைப் பெருக்கி வேகத்தைத் தீர்மானிக்கும் எண்) பூட்டப்படவில்லை, அதுதான் இதன் அருமை. 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கிளாக்கைத் தொடாதீர்கள். பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் போர்டின் அமைப்புத் திரையில்) மல்டிபிளையரை 32-லிருந்து 38 ஆக்கி, சிப்புக்கு முழுச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிரைம்95 மென்பொருளை அரை மணி நேரம் ஓட்டுங்கள். தடங்கல் இல்லாமல் ஓடினால், மல்டிபிளையரை ஒவ்வொரு எண்ணாக ஏற்றுங்கள். விண்டோஸ் முடங்கி நீலத்திரை வந்தால் கோர் வோல்டேஜில் 0.02 வோல்ட் கூட்டுங்கள், 1.25 வோல்ட்டோடு நிறுத்திவிடுங்கள். வோல்டேஜை 'ஆட்டோ'வில் விடவே விடாதீர்கள். போர்டு தேவைக்கு மேல் ஏற்றிவிடும், சூடு எகிறும்.

நம் ஊர் மே மாத மதியத்தில், ஏசி போடாமல் சோதித்துப் பாருங்கள். இரவில் 70 டிகிரி காட்டுவது அப்போது 80-ஐத் தொடும். 80-ஐத் தாண்டினால் ஒரு படி இறக்குங்கள். பெட்டியோடு வரும் சின்னக் கூலர் இதற்குப் போதாது. உயரமான டவர் கூலர் மாட்டி, சிப்புக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாகத் தடவுங்கள்.

ஒன்று மட்டும்: வேகம் கூடினாலும் த்ரெட் (சிப் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலைத்தொடர்) இரண்டுதான். நான்கு கேட்கும் சில விளையாட்டுகள் திறக்கவே திறக்காது. அந்த விளையாட்டுகளுக்காகத்தான் என்றால், இதே சாக்கெட்டில் பொருந்தும், நான்கு த்ரெட் உள்ள பழைய ஐ5-4570 சிப்பைத் தேடுங்கள்.