கொசுவைக் கொண்டே டெங்குவைத் தடுக்க முடியுமா?

கேள்வி: நோயைத் தடுப்பதற்காகக் கொசுக்களையே வளர்த்துப் பறக்கவிடுகிறார்களாமே, கடி இன்னும் கூடிவிடாதா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே. இதில் இரண்டு வழிகள் உள்ளன. மரபணு மாற்றும் முறையில் ஆண் கொசுக்களைத்தான் களத்தில் பறக்கவிடுகிறார்கள். பூந்தேன் குடித்து வாழும் ஆண் கொசு மனிதரைக் கடிப்பதில்லை. அதற்குப் பிறக்கும் பெண் கொசுக்கள், மாற்றப்பட்ட மரபணுவின் விளைவாக வளர்வதற்குள் மடிந்துவிடுவதால், கொசுக்களின் எண்ணிக்கை படிப்படியாகக் குறைகிறது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வோல்பாக்கியா முறை. பழ ஈ உள்ளிட்ட பல பூச்சிகளில் இயல்பாகவே வாழும் இந்தப் பாக்டீரியாவை, ஆய்வகத்தில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசுவின் முட்டைக்குள் மிக நுண்ணிய ஊசியால் செலுத்துகிறார்கள். கொசுவின் மரபணுவில் கைவைப்பதே இல்லை. வோல்பாக்கியா குடியேறிய கொசுவின் உடலில் டெங்கு வைரஸால் எளிதில் பெருக முடியாது என்பதோடு, தாய்க்கொசுவின் முட்டை வழியே அடுத்த தலைமுறைக்கும் அது போய்ச் சேர்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரில் நடந்த சோதனையில், இக்கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 விழுக்காடு குறைவாக இருந்ததை 2021இல் வெளியான முடிவுகள் காட்டின.

இம்முறையில் பெண் கொசுக்களையும் சேர்த்தே விடுவதால் சில காலம் கடி சற்றுக் கூடலாம்; அதை மக்களிடம் முன்கூட்டியே விளக்கி, அவர்களுடைய சம்மதத்தைப் பெற்ற பிறகே விட வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.