டொப் அப் பட்டம்: பெயரை விடுங்கள், பாடங்களை எண்ணுங்கள்

கேள்வி: எனக்கு வயது 25. கொழும்பில் மின்சாதனங்கள் இறக்குமதி செய்யும் கம்பனி ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். 2022இல் பயிற்சியாளராகச் சேர்ந்த புதிதில்தான் டொலர் ஏறி, எங்கள் எல்.சி.கள் (இறக்குமதிக்குப் பணம் தருவதாக வங்கி உறுதியளிக்கும் கடிதங்கள்) எல்லாம் வங்கியில் சிக்கி நின்றன. அன்றிலிருந்து வங்கியொன்றின் ட்ரெஷரி பிரிவுக்கு, அதாவது நாணயமும் பணச் சந்தையும் கையாளும் பக்கத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. வேலை செய்துகொண்டே பியர்சன் எச்.என்.டி. (உயர் தேசிய டிப்ளோமா) பிஸ்னஸ் படிப்பை மெரிட்டோடு முடித்துவிட்டேன். இப்போது சர்வதேச நிதியியலில் இறுதியாண்டு டொப் அப் (டிப்ளோமாவைப் பட்டமாக்கும் படிப்பு) செய்ய விருப்பம். கொழும்பில் வார இறுதி வகுப்பாக ஒன்று, இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்க ஒன்று என இரண்டு இடங்கள் கிடைத்திருக்கின்றன. அண்ணா இங்கிலாந்துக்குப் போகச் சொல்கிறார். அப்பா இரண்டும் வேண்டாம், ஏ.சி.சி.ஏ. என்ற கணக்காளர் தகைமையைச் செய் என்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: இங்கே சுருக்கிப் போட்ட உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில் இரண்டு இடங்களின் கட்டணம் இருக்கிறது, தொடங்கும் மாதம் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் என்னென்ன படிப்பிக்கிறார்கள் என்பது மட்டும் இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு எழுதுகிற யாருமே அதை எழுதுவதில்லை, ஏஜென்டுகளும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுவதில்லை.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். பிரிட்டிஷ் ஹானர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட் (படிப்பின் அளவை எண்ணும் அலகு) வேண்டும். முதலாம் ஆண்டான லெவல் 4க்கு 120, இரண்டாம் ஆண்டான லெவல் 5க்கு 120 என்று உங்கள் எச்.என்.டி. 240ஐத் தந்துவிட்டது. மிச்சம் இறுதியாண்டான லெவல் 6இன் 120. உங்கள் எச்.என்.டி. பொதுவான பிஸ்னஸ் படிப்பு என்பதால், சான்றிதழில் அச்சாகப்போகும் 'சர்வதேச நிதியியல்' என்ற பெயரை இந்த 120 கிரெடிட் மட்டுமே தாங்கப்போகிறது.

அதையும் பிரித்துப் பாருங்கள். பல இடங்களில் ஆய்வறிக்கைக்கு 40 போய்விடும். மிச்சம் 80இல், தலா 20 கிரெடிட் என்று நான்கு பாடங்கள். அந்த நான்கில் ஒன்று மூலோபாய முகாமைத்துவம், இன்னொன்று தலைமைத்துவம் என்று வந்துவிட்டால் நிதியியலுக்கு எஞ்சுவது இரண்டே இரண்டு. பெயர் என்னவோ பெரிய பெயர், உள்ளே பாதி நீங்கள் ஏற்கெனவே எச்.என்.டி.யில் படித்த சரக்கு. மறுபக்கம், 'பிஸ்னஸ் அன்ட் பினான்ஸ்' என்று சாதாரணமாகப் பெயர் வைத்த பட்டத்தில் நான்கில் மூன்று கனமான நிதிப் பாடங்களாக இருப்பதும் உண்டு. இரண்டு இடங்களிலும் மொடியூல் பட்டியலை வாங்கி, நிதிப் பாடங்களைப் பேனையால் சுழித்து எண்ணுங்கள். ட்ரெஷரி வேலைக்கு நான் தேடுவது சர்வதேச நிதி முகாமைத்துவம், முதலீட்டுப் பகுப்பாய்வு, டெரிவேட்டிவ்ஸ் (வேறொன்றின் விலையைச் சார்ந்த ஒப்பந்தங்கள்), வங்கி இடர் முகாமைத்துவம், அப்புறம் எக்கனோமெட்ரிக்ஸ் மாதிரி எண்களோடு மல்லுக்கட்டும் ஒரு பாடம். ஐந்தும் ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். மூன்று இருந்தால் நல்ல பட்டம்.

ஒவ்வொரு பாடத்துக்கும் புள்ளி எப்படிப் போடுகிறார்கள் என்றும் கேளுங்கள். எல்லாமே அசைன்மென்ட் என்றால் வேலை செய்யும் உங்களுக்கு வசதிதான். ஆனாலும் ஒரு பாடத்திலாவது உட்கார்ந்து எழுதும் பரீட்சை உள்ள இடத்தையே நான் சிபாரிசு செய்வேன். ட்ரெஷரி நேர்முகப் பரீட்சையில் மூவாயிரம் சொல் கட்டுரை கேட்க மாட்டார்கள், வெள்ளைத் தாளை நீட்டிக் கணக்குத்தான் கேட்பார்கள்.

எந்தக் கணக்கு என்று கேட்டால், இதோ ஒன்று. டொலர் இன்று 300 ரூபா, ரூபாவுக்கு ஒரு வருட வட்டி 8 வீதம், டொலருக்கு 4 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு வாங்கப்போகும் டொலருக்கு இன்றே பேசும் ஃபோர்வர்ட் விலை என்னவாக இருக்க வேண்டும்? 300 ரூபாவை ரூபாவாகவே போட்டால் 324 ஆகும். அதே பணத்துக்கு ஒரு டொலர் வாங்கிப் போட்டால் 1.04 டொலர் ஆகும். 324ஐ 1.04ஆல் வகுத்தால் ஏறத்தாழ 311.50. விலை இதிலிருந்து விலகினால் ஒரு பக்கம் கடன் வாங்கி மறுபக்கம் போட்டு இலாபம் எடுக்கலாம் என்பதுதான் உள்ளே இருக்கும் தர்க்கம். இதை வாசித்தவுடன் புரிந்தால் சர்வதேச நிதியியல் உங்களுக்குச் சரிவரும். இரண்டாம் முறை வாசித்துப் புரிந்தாலும் பயமில்லை. ஆனால் வகுப்பு தொடங்குமுன் பணத்தின் காலப்பெறுமதி, நியம விலகல், ரிக்ரெஷன் மூன்றையும் எக்செலில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். மூன்று வருடமும் ஒரே பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள் இவற்றை இரண்டாம் ஆண்டிலேயே தொட்டிருப்பார்கள். பொதுவான பிஸ்னஸ் எச்.என்.டி.யிலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், ஆங்கிலமல்ல.

இதோடு ஒட்டிய இன்னொரு விஷயம் வகுப்புநிலை. 70க்கு மேல் முதல் வகுப்பு, 60க்கு மேல் இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 50க்கு மேல் இரண்டாம் வகுப்பு கீழ்நிலை. மூன்று வருடம் படிப்பவர்களுக்குப் பொதுவாக இரண்டாம் ஆண்டுப் புள்ளிகளில் ஒரு பங்கும் சேரும். டொப் அப்பில் பெரும்பாலும் லெவல் 6 புள்ளிகள் மட்டுமே முழுப் பட்டத்தின் வகுப்பையும் தீர்மானிக்கும். உங்கள் மெரிட் வாசலைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். நவம்பரில் சொதப்பும் ஒரு அசைன்மென்ட்டைத் தாங்கிப்பிடிக்க முந்திய வருடம் என்று ஒன்று கிடையாது. நல்ல பல்கலைக்கழகங்களின் முதுகலைக்கு இரண்டாம் வகுப்பு மேல்நிலை கேட்பது வழமை என்பதால் இது சின்ன விஷயமல்ல.

சரி, கொழும்பா, இங்கிலாந்தா?

அண்ணாவின் ஆசை புரிகிறது. ஆனால் ஒன்பது மாத டொப் அப் எப்படி ஓடும் என்று அவருக்குச் சொல்லுங்கள். செப்டெம்பர் கடைசியில் போய் இறங்குவீர்கள். அங்குள்ள வங்கிகளின் பட்டதாரி வேலைத் திட்டங்களில் பல அதே இலையுதிர்காலத்தில்தான் விண்ணப்பம் வாங்கி மூடிவிடும். நீங்கள் அறை தேடி, குளிருக்குச் சட்டை வாங்கி நிமிர்வதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிடும். மே மாதம் பரீட்சை, கதை முடிந்தது.

அதற்குப் பிறகுதான் முக்கியமான முடிச்சு. படிப்பு முடிந்து அங்கே வேலை தேடுவதற்கான கிராஜுவேட் விசா ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான். இளங்கலைக்கு அதைச் செலவழித்துவிட்டால், பின்பு அங்கேயே முதுகலை செய்தாலும் இன்னொன்று கிடையாது. இரண்டு வருடமாக இருக்கும் அந்த விசாவும், 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்கு 18 மாதமாகக் குறைகிறது. அதிலிருந்து திறமைசார் வேலை விசாவுக்கு மாறுவதற்கான பொதுவான சம்பள எல்லையை 2025 ஜூலையில் வருடத்துக்கு 41,700 பவுணாக உயர்த்திவிட்டார்கள். புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளுக்கு 33,400 என்று சலுகை இருக்கிறது. டொப் அப் பட்டத்தோடு, அந்த ஊர் அனுபவம் இல்லாமல், அந்தச் சம்பளத்தை எட்டுவது நடக்கலாம். வீட்டை அடகு வைத்துப் போகும் அளவுக்கு நிச்சயமான காரியமல்ல.

அதனால் உங்கள் நிலையில் நான் கொழும்பு வார இறுதி வகுப்பையே எடுப்பேன். வேலையும் தொடரும், சம்பளமும் தொடரும். நல்ல வகுப்பில் தேறி, இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு பிறகு இங்கிலாந்துக்கு முதுகலைக்குப் போனால் அந்த ஒற்றை விசா அப்படியே கையில் இருக்கும். கொழும்பில் இருந்தபடி முடிக்கும் பட்டத்துக்கு அந்த விசா கிடைக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கே படித்துவிட்டு லண்டனில் வேலை தேடலாம் என்று யாராவது விளம்பரத்தில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

பணத்தைப் பற்றி, இந்தப் பாடத்துக்கே பொருத்தமான ஒரு குறிப்பு. இங்கிலாந்துப் படிப்புக்கு 15,000 பவுண் கட்டணம், பவுண் 400 ரூபா என்று கணக்குக்கு எடுத்தால் 60 லட்சம். இரண்டாம் தவணைக்குள் பவுண் பத்து வீதம் ஏறினால், பாதிக் கட்டணத்தின் மீதே மூன்று லட்சம் கூடுதலாக வரும். சம்பளம் ரூபாவில், கடன் பவுணில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தாண்டியதை நீங்கள் வேலை மேசையிலேயே பார்த்தவர். இறக்குமதிக் கம்பனிக்காவது வங்கியில் ஃபோர்வர்ட் ஒப்பந்தம் பேச இடமுண்டு, தனிமனிதருக்கு அந்தக் கதவும் இல்லை. கொழும்பு வகுப்பிலும் இதைக் கவனியுங்கள். அங்கே கட்டணம் பெரும்பாலும் இரண்டு துண்டாக வரும்: உள்ளூர் நிறுவனத்துக்கு ரூபாவில் ஒன்று, பல்கலைக்கழகத்துக்குப் பவுணில் ஒன்று. ரூபாத் தொகையை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள்.

கொழும்பு நிறுவனத்தை முடிவு செய்யுமுன் சில விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், அதன் சொந்த இணையத்தளத்தில் இந்த நிறுவனம் பங்காளியாகப் பெயரிடப்பட்டிருக்கிறதா, அது இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் என்றால் அங்கு உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் மாணவர் அலுவலகத்தின் (Office for Students) பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, சர்வதேசப் பல்கலைக்கழகக் கையேட்டிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டு நூலிலோ இடம்பெற்ற வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களை அங்கீகரிக்கிறது. அரச வேலை எண்ணம் துளி இருந்தாலும் சேருமுன் அங்கே கேட்டுவிடுவது நல்லது. 'லெவல் 6 டிப்ளோமா' என்று ஒன்றும் சந்தையில் திரிகிறது. லெவல் ஒன்றுதான், ஆனால் அது பட்டம் அல்ல. சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவர் அதை முடித்துக்கொண்டு முதுகலை விண்ணப்பத்தோடு என்னிடம் வந்தார். பட்டச் சான்றிதழ் எங்கே என்று கேட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் தெரிந்தது. ஹானர்ஸ் என்ற சொல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹானர்ஸ் இல்லாத சாதாரணப் பட்டம் பொதுவாக 300 கிரெடிட்டோடு நின்றுவிடும்.

அப்பாவின் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கணக்குப் பிரிவிலேயே மேலே போவதாக இருந்தால் நானும் ஏ.சி.சி.ஏ. என்றுதான் சொல்லியிருப்பேன். இலங்கையில் அந்த நான்கு எழுத்துக்கு உள்ள மதிப்பு பல பட்டங்களுக்கு இல்லை. டொப் அப் முடித்தால் ஏ.சி.சி.ஏ.யில் நிறையப் பாடங்களுக்கு விலக்கு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் மட்டும், அந்தக் குறிப்பிட்ட பட்டத்தின் பெயரை ஏ.சி.சி.ஏ.யின் சொந்த இணையத்தளத்தில் தேடிப் பாருங்கள். விலக்குப் பட்டத்துக்குப் பட்டம் மாறும், மேல்கட்டப் பாடங்களுக்கு எந்தப் பட்டத்துக்கும் விலக்கே இல்லை.

ஆனால் நீங்கள் போக நினைப்பது ட்ரெஷரி. அந்தப் பக்கம் பேசும் மொழி சி.எஃப்.ஏ. என்ற முதலீட்டுப் பகுப்பாய்வாளர் தகைமை. அதன் முதல் கட்டப் பரீட்சையைப் பட்டம் முடிப்பதற்கு 23 மாதம் இருக்கும்போதே எழுதலாம் என்பதால், டொப் அப்பில் சேர்ந்தவுடன் உங்களுக்குத் தகுதி வந்துவிடும். இரண்டையும் ஒரே நேரத்தில் இழுக்காதீர்கள், அதுவும் வேலையோடு. பட்டத்தின் கடைசி அசைன்மென்ட்டைக் கொடுத்த பிறகு சி.எஃப்.ஏ. புத்தகத்தைத் திறந்தால் போதும். முதலீடும் டெரிவேட்டிவ்ஸும் பட்டத்திலேயே படித்திருந்தால் பாதிப் பாரம் குறைந்திருக்கும். மொடியூல் பட்டியலில் நான் இவ்வளவு நேரம் நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

கடைசியாக ஆய்வறிக்கை. 40 கிரெடிட், அதாவது உங்கள் வகுப்புநிலையில் மூன்றில் ஒரு பங்கு. மற்றவர்கள் தலைப்புத் தேடி டிசெம்பர் வரை அலைவார்கள். உங்கள் தலைப்பு கம்பனிக் கோப்புகளில் கிடக்கிறது: 2022இல் இறக்குமதிக் கம்பனி ஒன்றின் நாணய இடர், எல்.சி. திறந்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் ரூபா எவ்வளவு சரிந்தது, ஃபோர்வர்டில் பூட்டியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும். கம்பனியின் பெயரை மறைத்துத் தரவைப் பயன்படுத்த உங்கள் நிதி முகாமையாளரிடம் இப்போதே எழுத்தில் அனுமதி கேட்டு வையுங்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒழுக்கவியல் படிவத்தில் அந்தக் கடிதத்தை இணைக்க வேண்டியிருக்கும்.