பிசிறு எந்தப் பக்கம்?

பட்டறைக் கேள்வி பதில். பதில் எழுதுபவர் வியாசர்பாடியில் 34 வருடம் ஃப்ளை பிரஸ்ஸில், அதாவது மேலே குண்டு வைத்த கையைச் சுற்றித் தகடு வெட்டும் திருகு மெஷினில், டை செட்டராக இருந்தவர்.

வாசகி, கொடுங்கையூர்: அண்ணா, வீட்டு முன்பக்கம் பழைய ஃப்ளை பிரஸ் ஒன்று போட்டு 1 மி.மீ. இரும்புத் தகட்டில் வாஷர் அடிக்கிறோம். காலையில் டையை, அதாவது ஓட்டையுள்ள அடி அச்சை, செட் செய்தால் மதியம் வரை சுத்தமாக வருகிறது. அப்புறம் வாஷர் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும் கூரான பிசிறு. டையைச் சுத்தியால் தட்டி நகர்த்தினால் கொஞ்ச நேரம் சரியாகிறது. மேலிருந்து இறங்கி வெட்டும் பஞ்சைச் (punch) சாணைக்குக் கொடுத்துவிடட்டுமா?

வேண்டாம் தங்கச்சி. முனை மழுங்கியிருந்தால் பிசிறு சுற்றிலும் வரும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் பஞ்சும் டையும் நேர் விலகியிருக்கிறது. பிசிறு பெரிதாக இருக்கும் பக்கம்தான் இடைவெளி அதிகம். உங்கள் தகட்டுக்குப் பக்கத்துக்கு 0.05 மி.மீ. இடைவெளி போதும். டை ஒரு மயிரிழை நகர்ந்தாலே வாஷரில் தெரிந்துவிடும்.

நகர்வது டையா, பஞ்சைப் பிடித்து மேலும் கீழும் போகும் ராமா என்று முதலில் பாருங்கள். வாஷர் வட்டம், கீழே விழுந்தால் எது முன்பக்கம் என்று தெரியாது. அதனால் அடிக்கும் முன் தகட்டில் உங்களைப் பார்த்த பக்கம் மார்க்கரில் ஒரு கோடு போடுங்கள். பத்து வாஷர் அடித்து, ஒவ்வொன்றின் ஓரத்தையும் கோட்டிலிருந்து தொடங்கிக் கவனமாகத் தடவுங்கள், கையைக் கிழிக்கும். பிசிறு ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்று அலைந்தால் ராம் ஆடுகிறது. பத்திலும் ஒரே இடத்தில் இருந்தால் டை நகர்ந்திருக்கிறது. தட்டினால் சரியாகிறது என்கிறீர்களே, உங்களுடையது இரண்டாவது என்றே நினைக்கிறேன்.

டையைக் கழற்றி அடியைத் துடையுங்கள். டை உட்காரும் அடிமேசையான பெட் மீது ஒரு துளி எண்ணெய், ஒரு பொடி இரும்பு இருந்தாலும் டை உட்காராது. அடுத்து டையை அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப். பல பட்டறைகளில் பார்த்துவிட்டேன், போல்ட் டையை விட்டு எட்டி, பின்னால் முட்டுக் கொடுத்த கட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். இறுக்குகிற பலமெல்லாம் கட்டைக்குப் போய்விடும், டை சும்மா உட்கார்ந்திருக்கும். போல்ட் டைக்கு நெருக்கமாக வரட்டும். முட்டுக்கட்டை டையைவிடத் துளி உயரமாக இருக்கட்டும்.

இப்போது டையை இறுக்காமல் பஞ்சை மெதுவாக அதற்குள் இறக்குங்கள். பெட் ஓட்டைக்குக் கீழே டார்ச் அடித்து மேலிருந்து பாருங்கள். பஞ்சைச் சுற்றி மெல்லிய ஒளி வளையம் தெரியும். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் இருண்டிருந்தால், வளையம் ஒரே அளவாகும் வரை டையை விரலால் தள்ளுங்கள். பஞ்சு உள்ளே இருக்கும்போதே கிளாம்பை இறுக்குங்கள், இந்தப் பக்கம் அரைச் சுற்று, அந்தப் பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனேன். டை நகர்ந்தது என் கண்ணுக்குத் தெரியவில்லை. முதல் அடியிலேயே பஞ்சின் ஓரம் சில்லாகப் பெயர்ந்தது. அந்தப் பஞ்சைச் செய்த டூல் ரூம் மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை, அந்தச் சில்லை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார்.

இறுக்கியதும் தினசரித் தாள் ஒன்றை வெட்டிப் பாருங்கள். எந்தப் பக்கம் நார்நாராகக் கிழிகிறதோ அந்தப் பக்கம் இன்னும் இடைவெளி இருக்கிறது. மேலே உள்ள, ராம் எவ்வளவு இறங்கலாம் என்று நிறுத்தும் ஸ்டாப் காலரையும் சரிபாருங்கள். பஞ்சு தகட்டைத் தாண்டி அரை மில்லி இறங்கினால் போதும். அதற்கு மேல் இறங்குவது வீண் தேய்மானம்.

ராம்தான் ஆடுகிறது என்றால் ராம் ஓடும் தடத்தின் தளர்ச்சியை எடுக்கும் பக்கத்து ஜிப் ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ராம் பிடிக்க ஆரம்பித்ததும் லேசாகத் தளர்த்துங்கள். லாக் நட்டு போடும்போது ஸ்க்ரூவை ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நட்டோடு அதுவும் சுற்றி, செய்த வேலை வீணாகும்.

வாசகர், எண்ணூர்: மெக்கானிக் கடை வேஸ்ட் ஆயிலைத்தான் பிரஸ்ஸுக்கு விடுகிறோம். ஆனாலும் துரு ஏறுகிறது.

அந்த எண்ணெயில் இன்ஜின் தேய்ந்த இரும்புப் பொடியும் கரியும் அமிலமும் இருக்கிறது. மரையில் விட்டால் அரம் போட்டு ராவுகிற மாதிரிதான். மண்ணெண்ணெய் போட்டு எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டு 68 நம்பர் மெஷின் எண்ணெய் வாங்கி விடுங்கள். உங்கள் ஊர்க் கடல் காற்றுக்கு வேலை முடிந்ததும் தினமும் துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாலு நாள் பூட்டிப் போடுவதாக இருந்தால் பஞ்சு, டை இரண்டிலும் கிரீஸ் தடவிவிட்டுப் போங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், நாள்பட்டால் காறிக் கெட்டுப்போகும்.

வாசகர், புளியந்தோப்பு: டை மாற்றும்போது ராம் தானாக இறங்கி என் விரல் நசுங்கப் பார்த்தது. மெஷின் பழுதா?

பழுதில்லை தம்பி. ஃப்ளை பிரஸ் மரையில் பல புரிகள் சேர்ந்து ஓடும், ஏற்றம் செங்குத்து. ராம் தன் எடையிலேயே இறங்கும். தொட்டால் குண்டுக் கையும் சேர்ந்து சுற்றும், பக்கத்தில் நிற்பவர் தலையில் அடிக்கும். டையில் கை வைக்கும் முன் ராமுக்கு அடியில் கெட்டியான மரக்கட்டை ஒன்றை நிறுத்துங்கள், குண்டுக் கையைச் சங்கிலியால் தூணோடு கட்டுங்கள். குண்டு சுற்றும் வட்டத்தைத் தரையில் மஞ்சள் பெயின்டால் வரைந்து வையுங்கள். கட்டையை மெஷின் காலிலேயே ஒரு கயிற்றில் கட்டிவிடுங்கள். தேட வேண்டியிருந்தால் அவசரத்தில் யாரும் எடுக்க மாட்டார்கள்.