நுரையீரலுக்கு டை போட்டு ஆஞ்சியோ: கேத் லேப் ஆள்கிட்ட கேளுங்க

கேத் லேப்ல, அதாவது ரத்தக்குழாய்க்குள்ள டியூப் விட்டு பாக்குற ரூம்ல, டெக்னீஷியனா இருக்கேன். நுரையீரல் ரத்தக்குழாய்ல டியூப் விட்டு டை (எக்ஸ்ரேல குழாய காட்டுற மருந்து) போட்டு எடுக்குற படத்த பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்விங்களுக்கு பதில் இதோ. உங்க கேஸ்ல முடிவு எடுக்கறது உங்க டாக்டர்தான்.

கேள்வி: அண்ணே, அப்பாவுக்கு ஹார்ட் ஆஞ்சியோ மணிக்கட்டுல பண்ணாங்க, இப்ப நுரையீரலுக்கு தொடையிலங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: பேருதான் ஒண்ணு தம்பி, ரூட்டே வேற. ஹார்ட்டுக்கு தமனியில குத்துவோம். நுரையீரலுக்கு கெட்ட ரத்தம் போற வழியிலயே போகணும், அதனால தொடை இடுக்குல இல்ல கழுத்துல இருக்குற சிரையில குத்தி, வலது மேல் அறை, கீழ் அறை, ரெண்டு வால்வு எல்லாம் தாண்டி நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோற பல்மனரி ஆர்ட்டரிக்குள்ள டியூப் போகும். பிக்டெயில்னு சொல்ற, முனை சுருண்ட டியூப்தான் (கேத்தட்டர்) அது, சுருண்டிருக்கறதால குழாய் சுவர்ல குத்தாது, பக்கவாட்டு ஓட்டைங்க வழியா டை பரவலா போகும். சிரையில பிரஷர் கம்மி, ரத்தம் கசியற பயமும் கம்மி, சில மணி நேரம் கால மடக்காம படுத்திருந்தா போதும்.

கேள்வி: வலிக்குமா? முழு மயக்கம் குடுப்பாங்களா?

பதில்: பெரும்பாலும் குத்துற எடத்துல மரத்துப்போற ஊசி மட்டும்தான். உள்ள டியூப் ஓடறது தெரியாது, ஆனா வலது கீழ் அறைய தாண்டும்போது சில செகண்ட் நெஞ்சு படபடன்னு அடிக்கும், நாங்க மானிட்டர்ல அதத்தான் பாத்துட்டு இருப்போம். ஈசிஜியில எல்பிபிபி (LBBB, இதயத்தோட இடது பக்க கரன்ட் பாதையில அடைப்பு)ன்னு எழுதியிருந்தா கண்டிப்பா முன்னாடியே சொல்லுங்க. இடது பக்க கரன்ட் வயர் ஏற்கெனவே வேல செய்யல, டியூப் உரசி வலது பக்கமும் நின்னா துடிப்பு ரொம்ப இறங்கிடும், அதுக்குத்தான் தற்காலிக பேஸ்மேக்கர் ரெடியா வப்பாங்க.

டை போடறதுக்கு முன்னாடி நுரையீரல் குழாய்க்குள்ள பிரஷர் அளப்போம். அது முக்கியம், பிரஷர் எகிறியிருந்தா டைய கொறச்சு, ஒவ்வொரு பக்கமா தனித்தனியா போடுவாங்க. அப்புறம் இன்ஜெக்டர் மெஷின் செகண்டுக்கு சுமார் 20 மில்லி வீதம் ரெண்டு செகண்ட் தள்ளும், உடம்பு பூரா சூடு பரவும், படுக்கையிலயே யூரின் போயிட்டோமோன்னு தோணும், போயிருக்க மாட்டீங்க. மூச்ச பிடிங்கன்னா பிடிங்க, டை வர்றதுக்கு முந்தின படத்த கம்ப்யூட்டர் கழிச்சுத்தான் குழாய மட்டும் காட்டுது, நீங்க அசைஞ்சா படம் கலங்கிரும், திரும்ப டை போடணும்.

கேள்வி: சிடி எடுத்தாச்சு சார், மறுபடி எதுக்கு இது? காசு பாக்குறாங்களா?

பதில்: நியாயமான சந்தேகம்தான். நுரையீரல்ல கிளாட் (உறைஞ்ச ரத்தக் கட்டி) இருக்கா இல்லையான்னு பாக்க மட்டும்னா இன்னைக்கு சிடியே போதும். நுரையீரல் கிளாட்ட எப்படி கண்டுபிடிக்கறதுன்னு பாத்த, 1990ல வந்த பையோபெட் (PIOPED) ஆய்வுல இந்த கேத்தட்டர் படம்தான் கடைசி தீர்ப்பு, 1,111 பேருக்கு எடுத்ததுல 5 பேர் இறந்தாங்க. 2006ல ரெண்டாவது பையோபெட் வந்துச்சு, கிளாட் இருக்குற 100 பேர்ல 83 பேர சிடி பிடிச்சுது, இல்லாத 100 பேர்ல 96 பேருக்கு இல்லன்னு சரியா சொல்லுச்சு, இப்ப மெஷினும் அதவிட எவ்வளவோ மேல. அதனால நீங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய ஒரே கேள்வி, இத எடுத்தா வைத்தியத்துல என்ன மாறும்னுதான்.

சரியான பதில் நிறைய இருக்கு. மூணு மாசம் ரத்தம் உறையாத மருந்து குடுத்தும் பழைய கிளாட் கரையாம தழும்பா ஒட்டிக்கிட்டு, நுரையீரல் பிரஷர் ஏறிட்டே போகுதுன்னா, ஆபரேஷனா பலூனான்னு முடிவு பண்ண எந்த கிளையில அடைப்புன்னு இந்த படம் வேணும். இல்ல, அதே டேபிள்ல கிளாட்ட உறிஞ்சி எடுக்கப் போறாங்க, தமனியும் சிரையும் நேரா ஒட்டியிருக்குற எடத்த காயில் (சின்ன கம்பிச் சுருள்) வச்சு அடைக்கப் போறாங்கன்னா தாராளமா பண்ணிக்கலாம். "சும்மா பாத்துருவோமே"ன்னு சொன்னா நான் வேற டாக்டர்கிட்டயும் கேட்டுக்குவேன்.

கேள்வி: எனக்கு இறால் சாப்ட்டா தடிச்சுக்கும். டைல அயோடின் இருக்காமே?

பதில்: சம்பந்தமே இல்லக்கா. இறால் ஒத்துக்காதது அதுல இருக்குற புரதத்தால, அயோடினால இல்ல. முன்னாடி எப்பவாச்சும் டை போட்டே அலர்ஜி ஆச்சா, ஆஸ்துமா இருக்கா, அதச் சொல்லுங்க.

கேள்வி: சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் நிறுத்தணுமா?

பதில்: கிட்னி நல்லா இருந்தா பொதுவா தேவையில்ல. ஈஜிஎஃப்ஆர் (கிட்னி எவ்வளவு வடிகட்டுதுங்கற அளவு) 30க்கு கீழ இருந்தா நிறுத்தி, 48 மணி நேரம் கழிச்சு ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டுதான் திரும்ப. நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: மாமாவுக்கு டிபி வந்து ஆறிப்போச்சு, இப்ப இருமுனா ரத்தம் வருது. இந்த ஆஞ்சியோதான் பண்ணணுமா?

பதில்: இங்கதான் நிறைய பேர் குழம்புவாங்க. நுரையீரலுக்கு ரெண்டு ரத்த சப்ளை. ஒண்ணு பல்மனரி, இன்னொண்ணு இதயத்துலேர்ந்து கிளம்புற பெரிய தமனியான அயோர்ட்டாவுலேர்ந்து வர்ற சின்ன பிராங்கியல் ஆர்ட்டரி. பழைய டிபி தழும்புல வீங்கி வெடிக்கிறது பெரும்பாலும் ரெண்டாவதுதான், அதுக்கு தமனி வழியா போய் துகள் விட்டு அடைப்பாங்க, தண்டுவடத்துக்கு போற குழாயும் சில பேருக்கு அங்கேர்ந்தே கிளம்பும்ங்கறதால ரொம்ப நிதானமா பண்ற வேல அது. அடைச்சும் ரத்தம் நிக்கலன்னா பல்மனரி பக்கம் பாக்கணும், டிபி குழிக்குள்ள அந்த குழாயே பலூனா உப்பியிருக்கும், ராஸ்முசன் அனியூரிசம்னு பேரு. ரத்தம் கொஞ்சம் அதிகமா வந்தாலே கேஷுவால்ட்டிக்கு ஓடுங்க, எனக்கு மெசேஜ் போட்டுட்டு உக்காராதீங்க.

கேள்வி: ஹார்ட்டுக்குள்ள டியூப் விடலாம்னு முதல்ல யாருக்கு தைரியம் வந்துச்சு?

பதில்: ஜெர்மனியில எபர்ஸ்வால்டேல ஃபோர்ஸ்மன்னு ஒரு டாக்டர், 1929ல தன் கை சிரையிலயே டியூப விட்டுக்கிட்டு எக்ஸ்ரே ரூமுக்கு நடந்தே போனாரு. 1931ல லிஸ்பன்ல எகாஸ் மோனிஸ் கோஷ்டி டை போட்டு நுரையீரல் குழாய்ங்கள படம் எடுத்தாங்க. ஃபோர்ஸ்மனுக்கு நோபல் 1956லதான், கூர்னன், ரிச்சர்ட்ஸோட பங்கு போட்டு. மோனிஸுக்கும் 1949ல கெடச்சுது, ஆனா இதுக்கில்ல, மூளைய வெட்டுற லொபாட்டமிக்கு, அத ஆரம்பிச்சா இன்னைக்கு முடியாது.

கேள்வி: கைக்குழந்தை இருக்கு. டை போட்டா பால் குடுக்கலாமா?

பதில்: குடுக்கலாம்மா. பால்ல போறதே ரொம்ப கொஞ்சம், அதுலயும் குழந்தை குடல் எடுத்துக்கறது துளிதான். மனசு கேக்கலன்னா முன்னாடியே கொஞ்சம் கறந்து ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோங்க.