இரண்டு கிட்டார்கள், பதினோரு நிமிடம்: ‘ஃப்ரைடே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ வெறும் வேகப் போட்டிதானா?

“இந்த நேரடி ஆல்பத்தை ஒரு கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது, இன்னொரு கூட்டம் ‘வேகத்தைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான்’ என்கிறது. முக்கியமாக, பாக்கோ தெ லூசியாவும் அல் டி மியோலாவும் சேர்ந்து வாசிக்கும் முதல் உருப்படியைப் பற்றித்தான் இத்தனை சண்டை. பலமுறை கேட்டவர்கள் என்ன நினைக்கிறீர்கள்? எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கும் மேலாக இதைக் கேட்டுவருகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகம் உண்மை, போட்டியும் கொஞ்சம் உண்மை. ஆனால் சோலோ வாசிப்பவரை மட்டும் கேட்டால்தான் அது மட்டும் காதில் விழும். அந்தப் பக்கம் அடியில் தாளத்தைப் பிடித்து ரிதம் வாசிப்பவரைக் கேட்க ஆரம்பித்துவிட்டால் இதே பதினோரு நிமிடம் வேறு ஒன்றாக மாறிவிடும்.

ஆல்பம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரம். 1980 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை இரவு, சான் ஃபிரான்சிஸ்கோவின் வார்ஃபீல்டு தியேட்டரில் நடந்த கச்சேரி இது. 1981-இல் இசைத்தட்டாக வந்தது. மேடையில் மூன்று பேர். ஸ்பெயினின் பாக்கோ தெ லூசியா, இங்கிலாந்தின் ஜான் மெக்லாக்லின், அமெரிக்காவின் அல் டி மியோலா. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, பாட்டு இல்லை. அட்டையில் மூன்று பெயர்கள் இருந்தாலும், ஐந்து உருப்படிகளில் முதல் மூன்றும் இருவர் இருவராக வாசித்தவை. முதலாவதில் பாக்கோவும் டி மியோலாவும், இரண்டாவதில் மெக்லாக்லினும் டி மியோலாவும், மூன்றாவதில் மெக்லாக்லினும் பாக்கோவும். மூவரும் ஒன்றாக உட்கார்வது கடைசி இரண்டில்தான். அதனால் என் மனதில் இது எப்போதும் இருவர் ஆல்பம்தான்.

நீங்கள் சொல்லும் முதல் உருப்படி, டி மியோலாவின் ‘மெடிடரேனியன் சன்டான்ஸ்’, பாக்கோவின் ‘ரியோ ஆஞ்சோ’ இரண்டையும் சேர்த்துக் கட்டியது. சன்டான்ஸை இருவரும் ஏற்கெனவே 1977-இல் வந்த டி மியோலாவின் ‘எலிகன்ட் ஜிப்ஸி’ ஆல்பத்துக்காக ஸ்டுடியோவில் வாசித்திருந்தார்கள். அங்கே ஐந்து நிமிடம் சொச்சம், மேடையில் பதினொன்றுக்கும் மேல். அந்தக் கூடுதல் ஆறு நிமிடத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் கேட்பவர்களுக்கு இடையிலான வழக்கே.

‘வேகம் மட்டும்தான்’ என்பவர்களின் வாதத்தைத் தள்ளிவிட முடியாது. நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன், அதை ரசித்தும் கேட்டேன். டி மியோலா ஒரு ஓட்டம் எடுப்பார், கூட்டம் கத்தும். பாக்கோ அதைவிட நீளமாக ஒன்று எடுப்பார், இன்னும் பெரிதாகக் கத்தும். அன்று டி மியோலாவுக்கு வயது 26. பத்தொன்பது வயதிலேயே ஜாஸ் பியானோ கலைஞர் சிக் கொரியாவின் ‘ரிட்டர்ன் டு ஃபாரெவர்’ குழுவில் சேர்ந்தவர். அந்த வயதில், அந்தக் கையோடு, பக்கத்தில் பாக்கோவை வைத்துக்கொண்டு நிதானமாக வாசி என்று யாரிடமும் எதிர்பார்க்க முடியாது. சில இடங்களில் சுரங்கள் ராகத்துக்காக வரவில்லை, கைதட்டலுக்காக வருகின்றன. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமே இல்லை.

என் காதைத் திருப்பியது ஒரு கெட்டுப்போன இயர்போன். வலது பக்கம் செத்துவிட்டது. புதிது வாங்கும் வரை சில வாரங்கள் இடது பக்கத்தை மட்டும் வைத்துக் கேட்டேன். இந்தப் பதிவில் பாக்கோ இடது பக்கம், டி மியோலா வலது பக்கம். ஆக, அந்த வாரங்களில் எனக்குக் கிடைத்தது ஏறக்குறைய பாக்கோ மட்டும்தான். டி மியோலா எங்கோ பக்கத்து அறையில் வாசிப்பதுபோல மெலிதாகக் கசிந்தார்.

அப்படிக் கேட்டபோதுதான், டி மியோலாவின் சோலோ நடக்கிற அத்தனை நேரமும் பாக்கோ என்ன செய்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தது. ரும்பா தாளம் அது. நாலு அடிக்குள் எட்டு எண்ணி, அதை மூன்று, மூன்று, இரண்டு என்று உடைத்துக்கொண்டு போகும். விரல்களை விசிறிபோல விரித்துத் தந்திகளின் மேல் உதறுகிறார், நடுவில் கையை வைத்து அமுக்கிச் சத்தத்தை வெட்டுகிறார், விரல் நகம் பலகையில் ‘டொக்’ என்று விழுகிறது. கிட்டாரும் அவர்தான், டிரம்ஸும் அவர்தான். டி மியோலா தாழ்ந்த தந்திகளில் அடக்கி முணுமுணுக்கும்போது கார்டுகளை, அதாவது பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை, மெல்லியதாக்கிக் கீழே இறங்குகிறார். மேலே ஏறும்போது முன்னால் ஓடாமல், அடியில் ஒரு தாங்கு கொடுத்துத் தள்ளிவிடுகிறார். ஓட்டம் முடிந்து கூட்டம் கத்தும் இடத்தில்தான் முழுக் கையையும் வீசுகிறார். கச்சேரியில் வயலின்காரர் பாடுபவரின் மூச்சைப் பார்த்து வில்லை இழுப்பதைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் உடனே பிடிபடும்.

இது அவருக்குத் தற்செயலாக வந்த திறமை இல்லை. அவர் வந்த ஸ்பெயினின் ஃபிளமெங்கோ மரபில் கிட்டார்க்காரன் முதலில் பக்கவாத்தியக்காரன். பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் வாசித்து வாசித்துத்தான் தனியாக வாசிக்கும் தகுதிக்கு வருவான். பாக்கோ சிறுவயதில் நடனக் குழுவோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். 1969 முதல் 1977 வரை கமரோன் தெ லா இஸ்லா என்ற மகத்தான பாடகருக்குத் தொடர்ந்து ஆல்பங்களில் வாசித்தவர். ஒரு குரல் எந்த நொடியில் உடையும், எங்கே மூச்சு வாங்கும் என்று காத்திருந்து பழகிய கை அது. அதே கைதான் வார்ஃபீல்டு மேடையில் டி மியோலாவுக்காகக் காத்திருக்கிறது. உலகத்தின் வேகமான விரல்களை வைத்திருக்கும் ஒருவர், இன்னொருவர் ஜொலிப்பதற்காக நிமிடக்கணக்கில் ரும்பா போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இதைக் கேட்ட பிறகு ‘வெறும் போட்டி’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, முறை மாறும்போது? இயர்போன் புதிதாக வந்ததும் வலது பக்கத்தையும் அதேபோலக் கேட்டுப் பார்த்தேன். டி மியோலாவின் ரிதம் பாக்கோவின் ரிதம் அளவுக்கு வளையாது. ஆனால் கடிகாரம் மாதிரி நிற்கும். உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியில் வைத்து அமுக்கி, பிக் என்ற சின்னத் தகட்டால் கொத்துகிறார். அந்தக் கெட்டியான தரை இருப்பதால்தான் பாக்கோ மேலே தைரியமாகத் தாளத்தை இழுத்தும் நெருக்கியும் விளையாட முடிகிறது. ஒருவர் தண்ணீர் மாதிரி, ஒருவர் கரை மாதிரி.

ஃபிளமெங்கோ பிரியர்களின் குறை வேறு. டி மியோலாவின் ஒலி தகரம் மாதிரி இருக்கிறது, பாக்கோவின் பக்கத்தில் அது காதைக் குத்துகிறது என்பார்கள். காரணம் எளிது. பாக்கோவின் கிட்டாரில் நைலான் தந்தி. பிக் கிடையாது, விரலும் நகமும்தான். வேகமான ஓட்டங்களை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி நடக்கவிட்டு வாசிக்கிறார். இதற்குப் ‘பிகாதோ’ என்று பெயர். டி மியோலாவிடம் ஓவேஷன் கிட்டார், உலோகத் தந்தி, கையில் பிக். ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக, மேலும் கீழுமாகக் கொத்தி எடுக்கிறார். ஒரே ஓட்டத்தை இருவரும் வாசித்தாலும் ஒன்று மணிகளைக் கொட்டியதுபோலவும் இன்னொன்று விதைகளைக் கொட்டியதுபோலவும் இருக்கும். குறை சொல்பவர்கள் இதை ஒலியின் பிழை என்கிறார்கள். எனக்கு இந்த வித்தியாசம் இல்லாவிட்டால் இந்த டூயட்டே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார் என்று ஒரு நொடிகூடக் குழப்பம் வருவதில்லை. ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு கிட்டார்கள் இந்த வேகத்தில் வாசித்திருந்தால் பாதியிலேயே சோர்ந்திருப்பேன்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. இந்த மேடையில் சுலபமாக உட்கார்ந்தவர் பாக்கோ இல்லை. மற்ற இருவரும் ஜாஸ் வழியாக வந்தவர்கள். மெக்லாக்லின் ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸுடன் பதிவு செய்தவர். பிறகு எழுபதுகளில் ‘சக்தி’ குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயகராம் ஆகியோருடன் உட்கார்ந்து நம் தாளக் கணக்குகளுக்குள்ளேயே புழங்கியவர். அந்த நொடியில் தோன்றுவதை வாசிப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. பாக்கோ முறையாக இசை இலக்கணம் படித்தவர் இல்லை. ஜாஸ் கார்டுகளின் மேல் உடனுக்குடன் கற்பனை செய்வது ஆரம்பத்தில் அவரை வாட்டியது. தலைவலியும் முதுகுவலியும் வரும் அளவுக்கு இறுக்கமாக இருந்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு அவருடைய சோலோவைக் கேளுங்கள். அதில் உள்ள அவசரம் திறமையைக் காட்டும் அவசரமாக எனக்குப் படவில்லை. தெரியாத இடத்தில் கால் வைக்கும் ஒருவரின் படபடப்பும் துணிச்சலும் சேர்ந்துதான் கேட்கிறது.

கூட்டத்தின் சத்தம் தொந்தரவு என்பவர்களும் உண்டு. விசில், கூச்சல், நடுநடுவே கைதட்டல். எனக்கு அது வேண்டும். இதே மூவரும் 1983-இல் ‘பேஷன், கிரேஸ் அண்டு ஃபயர்’ என்று ஸ்டுடியோவில் ஒரு ஆல்பம் செய்தார்கள். வாசிப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதை முழுதாகக் கேட்டு எத்தனையோ காலம் ஆகிறது. எதிரில் யாரும் இல்லாதபோது அந்தப் பதற்றம் வரவில்லை. ஒலிக்கருவி ஆர்வலர்கள் இந்தப் பதிவை ஸ்பீக்கர் சோதிக்கப் பயன்படுத்துவது தனிக் கதை. தந்தியில் விரல் உரசுவதுவரை கேட்கும் தெளிவு அதில் இருக்கிறது.

மற்ற இரண்டு டூயட்களில் ‘ஷார்ட் டேல்ஸ் ஆஃப் த பிளாக் ஃபாரஸ்ட்’ எனக்கு அரைமனது. சிக் கொரியா எழுதியது. மெக்லாக்லினும் டி மியோலாவும் இருவருமே பிக் பிடிப்பவர்கள், இருவரும் வேகம். இங்கேதான் நீங்கள் சொல்லும் குற்றச்சாட்டு பெரும்பாலும் பொருந்துகிறது என்பேன். நடுவில் ‘பிங்க் பாந்தர்’ ட்யூனை எடுத்து விடுவார்கள், அரங்கம் சிரிக்கும். அந்த இடம் மட்டும் இன்றைக்கும் இனிக்கிறது. மூன்றாவதான ‘ஃப்ரேவோ ரஸ்காடோ’ பிரேசில்காரரான எக்பெர்டோ ஜிஸ்மொன்டி எழுதியது. சண்டைகளில் யாரும் அதிகம் பேசாத உருப்படி, ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் ஒன்று. மெக்லாக்லினுக்கு அப்போது 38 வயது, பாக்கோவுக்கு 33 ஆக இன்னும் சில நாட்கள். இருவருக்கும் ஒருவரிடம் ஒருவர் நிரூபிக்க எதுவும் இல்லை என்பது வாசிப்பில் தெரியும். 1979-லேயே அமெரிக்க கிட்டார் கலைஞர் லாரி கோரியலை மூன்றாவது ஆளாக வைத்துக்கொண்டு சேர்ந்து பயணம் செய்தவர்கள். அடுத்தவர் எங்கே நிறுத்துவார் என்று காதுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எங்கிருந்து தொடங்குவது என்ற கேள்வி. முதலில் 1977 ஸ்டுடியோ பதிவில் ‘மெடிடரேனியன் சன்டான்ஸ்’ மட்டும் இரண்டு மூன்று முறை. ட்யூன் மனதில் உட்கார வேண்டும். அடுத்து வெள்ளிக்கிழமைப் பதிவில் அதே உருப்படியை எதுவும் யோசிக்காமல் ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். அப்புறம் ஒலியை இடது பக்கம் முழுதாகத் திருப்பி வைத்து ஒருமுறை, வலது பக்கம் வைத்து ஒருமுறை. கடைசியாக இரண்டும் சேர்த்து. இதற்குப் பிறகும் வேகம் மட்டும்தான் கேட்கிறது என்றால், அது உங்களுக்கான இசை இல்லை, விட்டுவிடலாம், வருத்தமே வேண்டாம்.

பிடித்துப்போனால் இன்னொன்று காத்திருக்கிறது. மறுநாள், டிசம்பர் 6 சனிக்கிழமை, அதே அரங்கில் வாசித்த பதிவுகள் ‘சாட்டர்டே நைட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ’ என்று 2022-இல் வெளிவந்தன. அதற்குள் பாக்கோ காலமாகி எட்டு வருடம் ஆகியிருந்தது. அதில் அவர் தன்னந்தனியாக வாசிக்கும் ‘மொனாஸ்தெரியோ தெ சால்’ இருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை, பதில் சொல்ல யாரும் இல்லை. இரண்டு சொற்றொடர்களுக்கு நடுவே அவர் விடும் மௌனத்தை, வெள்ளிக்கிழமைக் கூச்சலை எல்லாம் கேட்டு முடித்த அதே நாள் இரவில் கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஆல்பத்தின் கடைசி உருப்படியான ‘கார்டியன் ஏஞ்சல்’ அன்றைய மேடையில் வாசித்தது இல்லை, ஸ்டுடியோவில் பதிவானது. முதல் தடவை கேட்கும்போது அதற்கு முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.